கூமுட்டை வாடையும் குடல் புற்றும்: ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். திருப்பூர் பக்கம் ஒரு சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறீர்கள். கசடுத் தொட்டிப் பக்கம் போனாலே கூமுட்டை வாடை. அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்று என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் புற்றுக்கட்டியே தயாரித்து, அதை வைத்தே வளர்கிறது என்று ஓரிடத்தில் படித்திருக்கிறீர்கள். பூண்டிலிருந்து வரும் அதே வாயு புற்றைக் கொல்லும், தினமும் பத்துப் பல் பச்சையாகக் கொடு என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ‘இந்த வாயு நல்லதா, கெட்டதா, பூண்டைக் கொடுப்பதா, நிறுத்துவதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், வேலை உடுப்போடு சமையலறைக்குள் வந்தால் அம்மா திட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறங்கவிடாத கேள்வி அதுதான் என்று படுகிறது. நான் சுமந்துவந்த வாடையால் அம்மாவுக்கு இது வந்ததா என்பதுதானே அது? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இல்லை. உடுப்பில் ஒட்டிவரும் வாடை வீட்டில் இருப்பவருக்குக் குடல் புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே இந்த வாயுவை மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் நாறுகிறது என்பதை வைத்து, உடம்புக்குள் கணிசமாகப் போயிருக்கிறது என்று கணக்கிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றை உண்டாக்கும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி, மது, புகையிலை எல்லாம் அதன் முதல் பிரிவில் இருக்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இல்லை. நியூசிலாந்தில் ரோட்டருவா என்று ஒரு நகரம். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊற்றும் ஆவியும் கிளம்பும் ஊர். தலைமுறை தலைமுறையாக அங்குள்ள மக்கள் இந்த வாடையை மூச்சிழுத்தே வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி நடந்த ஆய்வுகளிலும் இந்த வாயுவைப் புற்றுநோயோடு உறுதியாகப் பிணைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. சாயத் தொழிலில் புற்றுக்குக் காரணம் என்று ஐயமின்றி நிறுவப்பட்டவை வேறு: பென்சிடினும் பீட்டா-நாப்தைலமீனும். அவை தாக்குவது சிறுநீர்ப்பையை. அதுவும் அவற்றோடு நேரடியாகப் புழங்கிய தொழிலாளிகளின் சிறுநீர்ப்பையை. உங்கள் உடுப்புக்கும் அம்மாவின் குடலுக்கும் நடுவே நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் முடிச்சை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் மருத்துவர் அல்ல. கோவையில் உயிர்வேதியியல் கற்பித்தும், புற்றுசெல்களைத் தட்டில் வளர்த்து ஆய்வு செய்தும் பல ஆண்டுகள் கழித்தவன். செல்லுக்குள் இந்த வாயு என்ன செய்கிறது என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அம்மாவுக்கு என்ன மருந்து, எப்போது அறுவை என்பதைச் சொல்ல இல்லை. அதை அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த வாயுவை நெடுங்காலம் வெறும் நஞ்சு என்றே பாடம் நடத்தினோம். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கையாளும் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை இது முடக்கும். சயனைடு பிடிக்கும் அதே இடத்தைப் பிடிக்கும். அது இன்றும் மாறாத உண்மை. ஆனால் 1996-ல் ஜப்பானின் ஹிடியோ கிமுராவும் அபேயும், மூளை தானாகவே இந்த வாயுவைச் சிறிதளவு தயாரித்து, நரம்பு செல்களுக்கிடையிலான செய்தித் தொடர்பில் பயன்படுத்துகிறது என்று காட்டினார்கள். 2008-ல் ருயி வாங், சாலமன் ஸ்னைடர் ஆகியோரின் குழுக்கள், இதைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது அவற்றுக்கு இரத்த அழுத்தம் எகிறியது. நம் உடம்பில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவை உண்டாக்கும் நொதிகள் மூன்று: சிபிஎஸ், சிஎஸ்இ, 3-எம்எஸ்டி. குறைந்த அளவில் இருக்கும்போது இது மைட்டோகாண்ட்ரியாவை முடக்குவதற்குப் பதிலாக, எலக்ட்ரான்களைக் கொடுத்து அதற்கு எரிபொருளாகவே ஆகிறது. சிறிதளவு எரிபொருள், பேரளவு நஞ்சு என்ற இந்த இரட்டைத் தன்மைதான் பின்னால் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. 2013-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சாபா சாபோ, மார்க் ஹெல்மிக் ஆகியோரின் குழு, பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் அறுவையில் எடுத்த கட்டியையும் அதன் அருகிலிருந்த நல்ல திசுவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கட்டியில் சிபிஎஸ் நொதி மிகுதியாக இருந்தது. மற்ற இரண்டிலும் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. குடல் புற்றுசெல்களில் அந்த நொதியை அடக்கியபோது செல்களின் ஆற்றல் உற்பத்தி குறைந்தது, பெருக்கம் மந்தமானது. எலிகளில் வளர்த்த கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. அதற்குப் போகும் புதிய இரத்தக் குழாய்களும் குறைந்தன. ஆக, கட்டி இந்த வாயுவை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறது: தனக்கு ஆற்றல், தனக்கு இரத்த ஓட்டம். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. புரதங்களில் இருக்கும் சிஸ்டீனின் கந்தகத்தோடு இன்னொரு கந்தக அணு ஒட்டிக்கொள்ள இந்த வாயு வழிசெய்கிறது. அப்படி ஒட்டியதும் புரதத்தின் நடத்தை மாறிவிடும். என்எஃப்-கப்பாபி என்ற புரதத்தில் ஓர் இடத்தில் இது நடக்கும்போது, சாகவேண்டிய செல் சாகாமல் தப்பிக்கிறது என்று 2012-ல் ஸ்னைடரின் ஆய்வகம் காட்டியது. சாக மறுப்பது புற்றுசெல்லின் அடிப்படைக் குணம் என்பதால் இது சிறிய செய்தி அல்ல. சினைப்பைப் புற்றிலும் சிபிஎஸ் மிகுதி என்றும், அதை அடக்கினால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குக் கட்டி எளிதில் பணிகிறது என்றும் அதே 2013-ல் வேறொரு குழு தெரிவித்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஜிஒய்ஒய்4137 என்ற சேர்மத்தை உருவாக்கினார்கள். இது ஹைட்ரஜன் சல்ஃபைடை மெல்ல மெல்ல, நாள்கணக்கில் கசியவிடும். 2011-ல் வந்த ஆய்வில் அது பலவகைப் புற்றுசெல்களைக் கொன்றது. சாதாரண நுரையீரல் செல்களை விட்டுவைத்தது. கட்டி விரும்பித் தயாரிக்கும் வாயுவை வெளியிலிருந்து தொடர்ந்து கூட்டிக் கொடுத்தால் கட்டி சாகிறது! மஞ்சள் காட்டுக்கு யூரியா போடுகிற கதைதான்: அளவோடு விழுந்தால் பயிர் கருகருவென்று கிளம்பும், மூட்டையைக் கவிழ்த்தால் வேர் வெந்துபோகும். குடல் புற்றுசெல் தனக்கு ஏற்ற அளவுக்கு அருகில் இந்த வாயுவை வைத்திருக்கிறது என்றும், அந்த அளவிலிருந்து கீழே இறக்கினாலும் மேலே ஏற்றினாலும் அதற்குத் தொல்லை என்றும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தக் கருத்து பல முடிவுகளை ஒன்றாக விளக்குகிறது. ஆனால் நோயாளியின் உடம்பில் அந்த அளவு எவ்வளவு என்று அளந்து சொல்லும் நிலைக்கு யாரும் வரவில்லை. எல்லாப் புற்றும் ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. கல்லீரல் புற்றிலும், மூளையில் வரும் கிளியோமாவிலும் சிபிஎஸ் குறைவாக இருப்பதே கெடுதியோடு சேர்ந்து வருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. அதனால் ‘புற்றுக்கு இந்த வாயு ஆகும், ஆகாது’ என்று பொதுவாக யார் சொன்னாலும் எந்தப் புற்று, எந்த அளவு, எவ்வளவு நேரம் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆய்வு முடிவுகள் ஏன் இப்படி முரண்படுகின்றன என்பதற்கு ஆய்வகத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. வெளியே அதிகம் பேசப்படாதது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். செல்களுக்கு இந்த வாயுவைக் கொடுக்கப் பெரும்பாலும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு உப்பைக் கரைத்து ஊற்றுவோம். ஊற்றியதும் வாயு மொத்தமும் ஒரே வீச்சில் வெளிப்படும்; திறந்த தட்டில் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி காற்றில் போய்விடும். தொண்ணூற்றாறு குழித் தட்டின் மூடிக்கு அடியில், இந்த வாயு பட்டால் நிறம் மாறும் லெட் அசிட்டேட் தோய்த்த வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். உப்புக் கரைசல் ஊற்றிய குழிக்கு மேலே முதலில் பழுப்பு வட்டம் விழும். பிறகு, எதுவும் ஊற்றாத பக்கத்துக் குழிகளுக்கு மேலும் மங்கலாகப் படரும். ஒப்பீட்டுக்காகச் சும்மா விட்ட செல்களும் வாயுவைக் குடித்துவிட்டன என்று அதற்குப் பொருள். ஆய்வுக் கட்டுரையில் ‘இத்தனை மைக்ரோமோலார்’ என்று செறிவை எழுதியிருக்கும். செல் உண்மையில் பார்த்தது எவ்வளவு என்பது வேறு கதை. இரத்தத்தில் அளப்பதிலும் இதே சிக்கல். பழைய மெத்திலீன் நீல முறை, புரதங்களோடு கட்டுண்டு கிடக்கும் கந்தகத்தையும் அமிலத்தால் பிரித்துக் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் முப்பது, ஐம்பது மைக்ரோமோலார் என்றெல்லாம் எழுதிவந்தார்கள். புதிய முறைகளில் கட்டற்ற வாயு ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே என்று தெரிகிறது. பழைய அளவை நம்பி வடிவமைத்த பரிசோதனைகளின் முடிவுகளை நான் இன்று எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.

இனிக் குடலுக்கு வருவோம். உங்கள் தொட்டியில் அந்த வாடை எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். பருத்தியில் சாயம் ஏற உப்போ சோடியம் சல்ஃபேட்டோ போடுகிறார்கள். அந்த சல்ஃபேட் கழிவோடு வருகிறது. கசடின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டை மூச்சாக்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றுகின்றன. பெருங்குடலிலும் ஆக்சிஜன் இல்லை. அங்கேயும் அதே இனத்தைச் சேர்ந்த டெசல்ஃபோவிப்ரியோ வாழ்கிறது. கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்தத்திலுள்ள டாரின் என்ற கந்தகச் சேர்மத்தைத் தின்று இந்த வாயுவைத் தரும் பிலோஃபிலா என்ற இன்னொரு பாக்டீரியாவும் உண்டு. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவு அதை வளர்க்கிறது. குடல் சுவரின் செல்கள் இந்த வாயுவைச் சும்மா சகித்துக்கொண்டிருப்பதில்லை; அதை எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்று 2007-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கொள்ளளவை மீறினால் என்ன ஆகும்? சல்ஃபைடு டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடும் என்று 2006-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செல்களில் காட்டினார்கள். குடல் புற்று உள்ளவர்களிடம் இத்தகைய பாக்டீரியாக்கள் கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை புற்றுக்குக் காரணமா, புற்று வந்தபின் கூடினவா என்பது தீர்க்கப்படவில்லை. எனக்குத் தோன்றுவது, இது ஒரு துணைக் காரணியாக இருக்கலாம் என்பது. வயது, பரம்பரை, புகை, மது, உடல் பருமன், சிவப்பு இறைச்சி, நார்ச்சத்துக் குறைவு ஆகியவற்றுக்கு இணையான தகுதியை இதற்கு இன்னும் கொடுக்க மாட்டேன். காற்றில் நீங்கள் முகரும் வாயுவுக்கும் குடலுக்குள் பாக்டீரியா உண்டாக்கும் வாயுவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பூண்டு. அரிசியும் பருப்பும் சோற்றுக்குக் கைநிறையப் பூண்டை உரித்துப் போடுகிற நாடு நம்முடையது; செலவு ரசமும் பூண்டில்லாமல் ஆகாது. அதனால் இந்தச் செய்தி இங்கே காட்டுத்தீயாகப் பரவுவதில் வியப்பில்லை. பூண்டுப் பல்லைத் தட்டும்போது அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகிறது. அதிலிருந்து பல கந்தகச் சேர்மங்கள் பிரிகின்றன. மனித இரத்தச் சிவப்பணுக்கள் அவற்றை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன, இரத்தக் குழாய்கள் தளர்கின்றன என்று 2007-ல் அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த ஆய்வு காட்டியது. இதுவரை உறுதி. ஆனால் அங்கிருந்து ‘ஆகவே பூண்டு குடல் புற்றைக் குணமாக்கும்’ என்று தாவுவதற்குப் பாலமே கிடையாது. மனிதர்களிடம் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் லின்ச்சூ வட்டாரத்தில் 1995-ல் தொடங்கியது. 3,365 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏழு ஆண்டுகள் பூண்டுச் சாற்று மாத்திரை கொடுத்தார்கள். 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பூண்டு எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் குறைவு. ஆனால் இரைப்பைப் புற்று வருவது உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. கவனியுங்கள்: அது இரைப்பை, பெருங்குடல் அல்ல, அது வருமுன் காப்பது பற்றியது, வந்தபின் குணமாக்குவது பற்றியது அல்ல, கொடுத்தது மாத்திரை, பச்சைப் பூண்டு அல்ல.

ஆகவே அம்மாவின் சமையலில் எப்போதும் போடுகிற பூண்டை நிறுத்த வேண்டியதில்லை. ‘கட்டிக்குத் தீனி ஆகிவிடும்’ என்ற பயத்துக்கும் சான்று இல்லை. ஆனால் பத்துப் பல் பச்சையாகவோ, பூண்டு மாத்திரையாகவோ கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். பூண்டு அளவுக்கு மீறினால் இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும். அறுவைக்கு முன் இரத்தம் நிற்காமல் போகும் ஆபத்து உண்டு. கீமோ மருந்துகளில் பல, தட்டுகளின் எண்ணிக்கையையே குறைப்பவை. வாய்ப்புண்ணும் வயிற்று எரிச்சலும் இருக்கும் வேளையில் பச்சைப் பூண்டு அவரைச் சாப்பிடவே விடாது. சிகிச்சைக் காலத்தில் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று மருத்துவரே சொல்வார். சித்தப்பா அன்போடு அனுப்பியிருக்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். சமையலுக்குப் பூண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல ஊட்டிப் பூண்டு கிடைக்கும்.

இந்த வாயுவைக் கட்டுப்படுத்திப் புற்றைக் குணப்படுத்தும் மருந்து ஏதாவது வந்துவிட்டதா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கீகாரம் பெற்றது எதுவும் இல்லை. சாபோ குழு பயன்படுத்திய அமினோஆக்சிஅசிட்டேட், சிபிஎஸ்ஸை மட்டுமல்லாமல் வைட்டமின் பி6 துணையோடு இயங்கும் வேறு பல நொதிகளையும் தடுத்துவிடும். சிபிஎஸ்ஸை மட்டும் பிடிக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது கடினமாகவே இருக்கிறது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் கூடிப்போய்க் கண், எலும்பு, இரத்தக் குழாய் எல்லாம் பாதிக்கப்படுவதால், அதை முழுக்க அடக்குவதும் எளிதான முடிவல்ல. இந்தத் துறையில் நான் நம்பிக்கை வைத்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் சிகிச்சை இன்று இருக்கும் அறுவையும் கீமோவும்தான். அவை குடல் புற்றில் உண்மையாகவே பலன் தருபவை.

இப்போது, நீங்கள் கேட்காததைச் சொல்லப்போகிறேன். இந்த வாயுவால் எனக்குப் பயம் அம்மாவுக்காக இல்லை, உங்களுக்காகத்தான். சாயப்பட்டறைத் தொட்டியிலும், செப்டிக் டேங்கிலும், சேகோ ஆலைக் கழிவுக் குழியிலும், தோல் பதனிடும் இடத்திலும் நம் பக்கத்து ஆட்கள் செத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தேங்கும். கசடைக் கலக்கினால் ஒரே நொடியில் பொங்கி வரும். சல்ஃபைடு இருக்கும் கழிவில் அமிலம் கலந்தாலும் அப்படித்தான். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு செத்துவிடும், வாடையே தெரியாது. ‘இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்று சொல்லும் வேளைதான் ஆபத்தானது. 700, 1,000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார், மூன்றாமவரும் விழுவார். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும். இந்த வாயுவைக் காட்டாது. பற்றி எரியக்கூடிய வாயு என்பதால் அது வேறொரு விபத்துக்கும் வழி. முகத்தில் துண்டு கட்டுவதாலும் சாதாரண முகக்கவசத்தாலும் துளியும் பயன் இல்லை.

சட்டைப் பையில் மாட்டும் வாயுக் காட்டி கருவி இருக்கிறது. 10 பிபிஎம்மில் ஒலிக்கும்படி அமைத்திருப்பார்கள். அது உங்களிடம் இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையென்றால் மூச்சுக் கருவியும், வெளியே ஆள் பிடித்திருக்கும் கயிறு கட்டிய இடுப்புப் பட்டையும் இல்லாமல் யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது என்பது 1948 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவாக இருந்துவந்த விதி. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நொய்யல் ஆற்றுக்காகச் சுத்திகரிப்பு நிலையங்களில் எவ்வளவோ செலவழித்தோம். தொட்டியருகே நிற்கும் ஆளுக்கு ஒரு கருவி வாங்கித் தர யாரும் தயங்கக் கூடாது. சக ஊழியர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கடைசியாக, அடுத்த முறை அம்மாவோடு மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, கட்டியில் டிஎன்ஏ பிழைதிருத்தும் புரதங்களுக்கான பரிசோதனை செய்திருக்கிறார்களா என்பது. அதன் முடிவு மருந்துத் தேர்வையும் மாற்றலாம். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கூறு இருக்கிறதா என்பதற்கும் துப்புக் கொடுக்கும். மற்றது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் எப்போது பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை என்பது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் புற்று வந்திருந்தால், பிள்ளைகள் நாற்பது வயதிலோ, அல்லது பெற்றவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது தொடங்குவது பொதுவான பரிந்துரை. அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு அது முப்பத்தெட்டில் வருகிறது. பிழைதிருத்தும் புரதங்களில் கோளாறு என்று முடிவு வந்தால் அதற்கும் வெகு முன்பே செய்யச் சொல்வார்கள். அந்த அறிக்கையின் நகலைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.